பன்னிரண்டாவது வரி

லெம்பி அந்தக் கண்ணைப் போட்டது வெள்ளிக்கிழமை, மதிய உணவு மணி அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது. உண்மையில் நாலு நிமிடம் கூட இல்லை. அழிப்பதிலேயே இரண்டு நிமிடம் போய்விட்டது.

கண் என்றால் படம்தான். ஹால்வர்சன் டீச்சரின் மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு பிராணியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். பன்னிரண்டு வரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சின்னப் படம் போட வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டதென்றால் புத்தகம். யாரோ சொல்லிக் கேட்டதென்றால் காது. தானே பார்த்ததென்றால் கண். "எப்படித் தெரியும்னு சொல்ல முடியாத வரி எனக்கு வேண்டாம்" என்பார் டீச்சர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைகள் கையில் சிக்கிய நல்ல ஏற்பாடு எது உருப்பட்டிருக்கிறது?

வகுப்புக்கென்று ஒரு சறுக்குப் பலகை இருந்தது. முன்பக்கம் சுருண்டு, நாலு பேர் வரிசையாக உட்காரும் நீளத்தில் ஒரு மரப்பலகை. பகிர்ந்து விளையாடுங்கள் என்று சொல்லித்தான் டீச்சர் கொடுத்திருந்தார். வாரக் கடைசியில் முறை வைத்து ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பிள்ளைகளும் பகிர்ந்துதான் விளையாடினார்கள். ஆனால் முன்னால் யார் உட்காருவது? அதற்கு அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். அந்த வாரம் புதுக் கண் போட்டவருக்கு முன்சீட்டு. முன்னால் உட்கார்ந்தால் வாயிலும் மூக்கிலும் பனி அப்பிக்கொள்ளும், கண் திறக்க முடியாது. ஆனாலும் அதற்குத்தான் அத்தனை அடிதடி. இந்தச் சட்டம் டீச்சருக்குத் தெரியாது.

மூன்று வாரமாக முன்சீட்டு கார்வின் ஃபாஸ்டிடம்தான். அவன் எடுத்த பிராணி குளிர்காலத்தில் வெள்ளையாக மாறுகிற, கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி. அது அவன் வீட்டு விறகுக் கொட்டகையிலேயே குடியிருந்தது. காலையில் விறகு எடுக்கப் போனால் கண், மாலையில் போனால் இன்னொரு கண். லெம்பியின் தோழி ஒடெட்டுக்கு அண்டங்காக்கை. அது தேவாலயத்துக் கூரையில் மல்லாக்கப் படுத்துச் சறுக்கிக் கீழே வருவதையும், பறந்து மேலே போய் மறுபடி சறுக்குவதையும் அவள் பார்த்திருந்தாள். அதைப் படித்தபோது வகுப்பே கைதட்டியது.

லெம்பிக்கு வாய்த்தது பீவர். பல்லால் மரத்தை அறுத்து அணை கட்டி, குளத்துக்குள் குச்சிக் குவியலாக வீடும் கட்டுகிற சாமர்த்தியசாலி, யார் இல்லையென்றது? ஆனால் குளம் உறைந்ததும் அது பனிக்கட்டிக்கு அடியில் போய்விடும். வசந்தம் வரும்வரை அதன் வால் நுனியைக்கூடப் பார்க்க முடியாது. லெம்பியின் தாளில் பதினோரு புத்தகம், ஒரு காது. அந்தக் காதும் அவள் அப்பா சொன்னது.

வெள்ளிக்கிழமை கார்வின் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்னது இது, ஒரே பொஸ்தகமா இருக்கு. நீ என்ன லைப்ரரிலயே பொறந்தியா?"

"பீவர் வெளிய வராதுடா. நான் என்ன பண்ண?"

"நான் பாத்திருப்பேன்." அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு ஜாலியாகப் போய்விட்டான்.

லெம்பிக்குக் காது மடல் வரை சுட்டது. பன்னிரண்டு வரியும் நிரம்பியிருந்தது. புதிதாக ஒன்று எழுத வேண்டுமானால் ஏதாவது ஒன்றை அழித்தாக வேண்டும். அவள் கடைசி வரியை அழித்தாள். அது இப்படி இருந்தது: 'பீவர் வீட்டைச் சுற்றிப் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும், பீவர்கள் அடியில் நீந்திக்கொண்டே இருப்பதால் அங்கே தண்ணீர் சரியாக உறையாது.' அது கடைசி வரி என்பதற்காக மட்டும் அழிக்கவில்லை. அது இருந்தால், இப்போது எழுதப்போகிற வரியை யாரும் நம்பமாட்டார்கள். எட்டு வயதுதான் என்றாலும் அந்த அளவுக்கு விவரம் இருந்தது அவளுக்கு. அதுதான் வினையே.

அந்த இடத்தில் இப்படி எழுதினாள்: 'பீவர் வீட்டின் உச்சியில் ஒரு ஓட்டை இருக்கிறது, நான் மேலே ஏறி அதில் கன்னத்தை வைத்தேன், உள்ளிருந்து சூடான மூச்சு வந்தது.' ஓட்டை இருப்பது உண்மை, சூடான மூச்சும் உண்மை. புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு கண் வரைந்தாள். நாலு இமை மயிர்கூட வைத்தாள்.

சாயங்காலம் சுவரில் மாட்டும்போது டீச்சர் அந்த வரியில் விரலை வைத்து நின்றார்.

"நீயா ஏறினே, லெம்பி?"

"ஆமா டீச்சர்."

"தனியாவா?"

"அப்பாகூட."

ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். லெம்பியின் அப்பா ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். குளத்தையும் ஏரியையும் கரைத்துக் குடித்தவர் என்று ஊருக்கே தெரியும். டீச்சர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தது. அவர் தாளை மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் சறுக்கு மேட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மற்றவர்களெல்லாம் பக்கத்து ஊர் ஹாக்கி ஆட்டத்துக்குப் போயிருந்தார்கள். பலகை அந்த வாரம் கார்வின் வீட்டு முறை. அவன் அதை இழுத்துக்கொண்டு வந்து கயிற்றை லெம்பியின் கையில் கொடுத்தான்.

"முன்சீட்டு உனக்கு. சட்டம்னா சட்டம்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், எதையாவது சொல்லிக் குத்துவான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் இப்படி நல்லபிள்ளையாக நடந்துகொண்டது அவளுக்கு என்னவோ போலிருந்தது. மூன்று முறை சறுக்கினார்கள். மூன்று முறையும் பனி முகத்தில் அறைந்தது, ஒடெட் பின்னாலிருந்து கத்திச் சிரித்தாள். லெம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவுதானா இந்த முன்சீட்டு என்றிருந்தது.

மூன்றாவது முறை பலகை மேட்டடியில் வந்து நின்றதும் கார்வின் எழுந்து குளத்தைப் பார்த்தான். கோரைகளுக்கு அப்பால், எதிர்க்கரையை ஒட்டி, பனி மூடிய ஒரு குவியல் தெரிந்தது. அங்கங்கே குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அதானே உன் பீவர் வீடு?"

"ம்."

"வா, காட்டு. எனக்கும் ஒரு கண் வேணும்."

லெம்பி குனிந்து பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினாள்.

"இன்னிக்கு வேணாம். என் பூட்ஸ் ஈரமாயிடுச்சு."

"பூட்ஸ் ஈரமானா என்ன, கன்னம் காஞ்சுதானே இருக்கு?" என்றாள் ஒடெட். "எனக்கும் கன்னத்த வைக்கணும்டி. நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு அதையேதான் நெனச்சிட்டு இருந்தேன். அது மூச்சு விடுறது கேக்குமா?"

"கேக்காது."

"நீதான் வச்சுப் பாத்தவளாச்சே. நீ சொன்னா சரி."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை, பார்க்கவில்லை, புத்தகத்தில் படித்தது என்று நாலு வார்த்தை. கார்வின் சிரித்திருப்பான், திங்கட்கிழமை வகுப்பே சிரித்திருக்கும், ஒரு வாரத்தில் மறந்தும் போயிருக்கும். இதெல்லாம் லெம்பிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாய் வரவில்லை. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த ஊரில் பனிக்கட்டிக்கு யார் பயப்படுகிறார்கள்? டிசம்பர் பாதியிலிருந்து பெரிய ஏரியின் மேல் லாரி ஓடும். அவள் அப்பா கொட்டகை போட்டு, அடுப்பு மூட்டி, துளை போட்டு மீன் பிடிப்பதெல்லாம் அதே ஏரியின் மேல்தான். இந்தக் குளத்தின் நடுவில் போன வாரம்தான் பெரிய பையன்கள் துளை போட்டு அளந்து, பனிக்கட்டி முழத்துக்கும் மேலே தடிமன் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். நடுக்குளத்தில் குதித்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள் லெம்பி. புத்தகம் எங்கோ நகரத்தில் அச்சடித்தது. அதற்கு இந்தக் குளத்தைப் பற்றி என்ன தெரியும்?

கோரைகளைத் தாண்டினார்கள். பலகை பின்னால் சரசரவென்று வந்தது.

"உங்கப்பாகூட எந்தப் பக்கமா ஏறினே?" கார்வின் கேட்டான்.

"இந்தப் பக்கம்தான்."

"தடமே இல்லையே."

"அதுக்கப்புறம் பனி பேஞ்சுது."

"எப்போ பேஞ்சுது?"

"உனக்கென்னடா, போலீஸா நீ?"

ஒடெட் சிரித்தாள். லெம்பியின் கையுறைக்குள் வியர்த்திருந்தது.

பிறகு அது கண்ணில் பட்டது. குவியலின் உச்சியில், குச்சிகளுக்கு நடுவே, இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வருகிற மாதிரி லேசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஓட்டையைச் சுற்றிக் குச்சியெல்லாம் வெள்ளையாக உறைபனி கட்டியிருந்தது. உள்ளே பீவர்கள் இருக்கின்றன, மூச்சு விடுகின்றன. அப்படியே புத்தகத்தில் சொன்ன மாதிரி. புத்தகத்துக்கு இந்தக் குளத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

அப்படியானால் அந்த இன்னொரு வரியும் உண்மை.

லெம்பி நின்றுவிட்டாள். குவியலுக்கு இன்னும் இருபது அடி கூட இருக்காது.

"நில்லுங்க. போகாதீங்க. அங்க ஐஸு லேசா இருக்கும்."

"என்னது?"

"பீவர் அடியில நீந்திக்கிட்டே இருக்கும். அதனால சரியா உறையாது. பொஸ்தகத்துல இருக்கு."

"பொஸ்தகத்துலயா? நீதான் ஏறியிருக்கியே."

"ஏறல."

லெம்பி கயிற்றைக் கீழே போட்டாள். "நான் இங்க வந்ததே இல்ல. அப்பாவும் வரல. பொய்க் கண்ணு போட்டேன். சத்தியமா."

கார்வின் அவளை உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தான்.

"புரியுது. எனக்கும் கண்ணு கெடச்சுட்டா அடுத்த வாரம் சீட்டு போயிடும். அதானே?"

"இல்லடா! நெஜமா—"

"ஆவி தெரியுது, ஓட்டை தெரியுது, எல்லாம் நீ எழுதின மாதிரியே இருக்கு. பாக்காம எப்படி எழுதுவே? நல்லா ரீல் விடுறே."

இமை மயிர் வைத்து வரைந்த கண் அவள் சொன்ன உண்மையை விட வலுவாக இருந்தது. பொய்யை அப்படி நம்பும்படி எழுதியவள் அவள்தானே.

கார்வின் நடந்தான். பின்னாலேயே ஒடெட்டும் ஒரு எட்டு வைத்தாள். லெம்பி பாய்ந்து கையில் அகப்பட்டதைப் பிடித்தாள்; அகப்பட்டது ஒடெட்டின் கழுத்துத் துணி. ஒடெட் தடுமாறி மல்லாக்க விழுந்தாள், "விடுடி, கழுத்து நெரியுது" என்று உதைத்தாள். லெம்பி விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கார்வினைக் கூப்பிட்டாள். ஒருத்தியைத்தான் அவளால் பிடிக்க முடிந்தது.

பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. ஈரம் குடித்த கதவைத் தள்ளித் திறந்த மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். கார்வின் நின்ற இடத்தில் ஒரு சிவப்புத் தொப்பியும் இரண்டு கைகளும் மட்டும் இருந்தன. பனியின் மேல் கறுப்புத் தண்ணீர் பரவியது.

அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். அதுதான் லெம்பியைக் கதிகலங்க வைத்தது.

"ஒடெட், கயிறு. பலகைக் கயிறைப் பிடி. நீ இங்கயே நில்லு, வராதே."

பனிக்காலம் தொடங்கும்போது தீயணைப்பு ஆள் ஒருவர் ஆண்டுதோறும் பள்ளிக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்: உடைந்தால் நிற்காதே, படு. பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்பார்கள். லெம்பி குப்புறப் படுத்தாள். பலகையை முன்னால் தள்ளினாள், அதன் பின்னாலேயே வயிற்றால் ஊர்ந்தாள். அவளுக்கு அடியில் பனிக்கட்டி லேசாக அசைந்தது. இறங்குகிறதா, தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறதா என்று தெரியவில்லை. தண்ணீர் வந்து அவள் சட்டைக்குள் புகுந்தது. கத்தி வைத்துக் கீறிய மாதிரி எரிந்தது.

"பிடிடா. சுருளப் பிடி."

கார்வினின் கை பலகையில் பட்டு வழுக்கியது. மறுபடி பட்டு வழுக்கியது. அவன் உதடு நீலமாகியிருந்தது.

"காலை உதை. நீந்துற மாதிரி உதை, கார்வின்."

"மு... முடியல."

"முடியும். நீ செத்தா நான்தான் கொன்னதாயிடும். உதைடா."

அப்படித்தான் சொன்னாள். அழகாகச் சொல்ல நேரம் ஏது? கார்வின் உதைத்தான். ஒரு முழங்கை பலகையின் சுருளுக்குள் மாட்டிக்கொண்டது. பின்னால் ஒடெட் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து இழுத்தாள். லெம்பி ஊர்ந்துகொண்டே பலகையின் பக்கவாட்டைப் பிடித்து இழுத்தாள். விளிம்பு ஒருமுறை உடைந்தது, இரண்டாம் முறையும் உடைந்தது. மூன்றாம் முறை தாங்கியது. கார்வின் ஈரச் சாக்கு மூட்டை மாதிரி பலகைமேல் வந்து விழுந்தான்.

அவர்கள் எழுந்து நிற்கவில்லை. கோரை வரைக்கும் ஊர்ந்தேதான் வந்தார்கள். அதற்குப் பிறகு ஓட்டம். கார்வினைப் பலகையில் போட்டு, ஒடெட்டின் கோட்டை அவன்மேல் மூடி, சறுக்கு மேட்டை ஒட்டியிருந்த குளிர்காயும் குடிசைவரை இரண்டு பேரும் இழுத்தார்கள். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆர்வில் மாமா, கதவைத் திறந்தவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கத்தரிக்கோலால் கார்வினின் உடையை வெட்டி எடுத்தார், கம்பளிகளைச் சுற்றினார், போனை எடுத்தார். கார்வினின் நடுக்கம் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. நடுங்கக்கூட உடம்பில் தெம்பில்லை என்று அர்த்தம்; அதைப் பார்த்து மாமாவின் முகம் மாறியதை லெம்பி பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் லெம்பி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கடைசியில், "என் பேரையும் சேத்தா எழுதினே?" என்றார்.

"எழுதல. சொன்னேன்."

அவர் எழுந்து போய்க் கார்வின் வீட்டுக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லெம்பியின் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இருட்டும் நேரத்தில்தான் தகவல் வந்தது: பையன் பிழைத்துக்கொண்டான், நெஞ்சில் சளி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும். லெம்பி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை டீச்சர் அவள் தாளைச் சுவரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உன்கிட்ட கேட்டேன் லெம்பி. மூஞ்சிக்கு நேரா கேட்டேன். நீ ஆமான்னே."

"ஆமா டீச்சர்."

"நானும் நம்பிட்டு மாட்டினேன். எனக்கு அத நெனச்சா தூக்கம் வரல." அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "கொண்டு போய்ச் சரி பண்ணு."

பலகையைக் காணோம். அதை டீச்சர் பொருள் வைக்கும் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார், எப்போது கொடுப்பார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இடைவேளையில் பிள்ளைகள் லெம்பியைச் சுற்றி விலகி விளையாடினார்கள். ஒடெட் மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள், கழுத்தில் துணி இழுத்த சிவப்புக் கோடு இன்னும் இருந்தது.

லெம்பி பன்னிரண்டாவது வரியை அழித்தாள். தாள் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருமுறை அழித்து மெல்லியதாகியிருந்தது. பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டியிருந்தது. பழைய வரியைத் திரும்ப எழுதினாள். பீவர் வீட்டைச் சுற்றிப் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும். ஓரத்தில் புத்தகம் வரைந்தாள். கண் போட அவளுக்குக் கை வரவில்லை. இப்போது அதைப் பார்த்தவள்தான், இருந்தாலும் வரவில்லை.

வியாழக்கிழமை கார்வின் வந்தான். முகம் சுண்டிப் போயிருந்தது, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமினான். பையை வைத்துவிட்டு நேராகச் சுவருக்குப் போய், திரும்ப மாட்டியிருந்த லெம்பியின் தாளுக்கு முன்னால் நின்றான். அவன் கடைசி வரியைப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்தப் புத்தகப் படத்துக்குப் பக்கத்தில், அழுத்தி, ஒரு கண் வரைந்தான்.

லெம்பி எழுந்து வந்தாள். "நன்றிடா" என்றாள், வாய்க்குள்ளேயே.

"உனக்காகப் போடல. அது என் கண்ணு." அவன் இருமி முடித்தான். "உன் கண்ண இனிமே எவன் நம்புவான்?"

அவள் தலை குனிந்தாள். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

"பலகை திரும்பி வந்ததும் முன்சீட்டு எனக்கு," என்றான் கார்வின். "புதுக் கண்ணு போட்டிருக்கேன். சட்டம்னா சட்டம்."

"சரி."

"நீ பின்னாடி உக்காந்து என்னைப் பிடிச்சுக்கோ. அத மட்டும் ஒழுங்காப் பண்றே."

சொல்லிவிட்டு அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். லெம்பி சுவரருகில் நின்று அந்தக் கண்ணைப் பார்த்தாள். கோணல்மாணலாக இருந்தது, இமை மயிர் ஒன்றுகூட இல்லை. டீச்சர் உட்காரச் சொல்லும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.